விடைக்குப் பதில் கேள்வியே திரும்பி வந்தால்?

எக்ஸெல் தொகுப்பைத் திறந்து ஒரு செல்லில் 1/2 என்று டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். நீங்கள் எழுதியது அரை. செல்லில் நிற்பது பிப்ரவரி 1. நம் நாட்டுத் தேதி அமைப்பு உள்ள கம்ப்யூட்டர்களில் இப்படித்தான் வரும். சரி, தேதி வேண்டாம் என்று அந்தச் செல்லின் பார்மட்டை ஜெனரல் என மாற்றிப் பாருங்கள். அரை திரும்பி வராது. ஐந்து இலக்கங்களில் ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். அதேபோல 16 இலக்கங்கள் கொண்ட டெபிட் கார்டு எண்ணை டைப் செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இப்படி நடந்தால் நாம்தான் எதையோ தப்பாக அடித்துவிட்டோம் என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். உங்களைக் கேட்காமலேயே சாப்ட்வேர் ஒரு முடிவு எடுத்துவிட்டது, அவ்வளவுதான். முதலில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுவிட்டு, அதை ஒட்டி எண்ணை டைப் செய்யுங்கள். எக்ஸெல் அதில் கை வைக்காது. கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கும். கீபோர்டில் என்டர் கீக்கு இடப்பக்கம் ஒட்டியே இருக்கிறது அந்தச் சின்னக் குறி.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மார்ச் 1, செப்ட் 1 என்ற பாணியில் சுருக்கப் பெயர்கள் இருந்ததால், எக்ஸெல்லில் ஏற்றும்போதெல்லாம் அவை தேதிகளாக மாறி, வெளியான ஆய்வுகளின் பட்டியல்கள் வரை அந்தத் தவறு போய்ச் சேர்ந்திருந்தது. சாப்ட்வேர் மாறும்வரை காத்திருக்காமல் மரபணுவின் பெயரை மாற்றிவிட்டார்கள்! தானாக நடக்கும் இந்த மாற்றங்களில் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-இல்தான் எக்ஸெல்லில் தந்தது.

இதே அவசரமும் இதே மேற்கோள் குறியும் இன்னொரு வகை சாப்ட்வேரிலும் இருக்கின்றன. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இயற்கணிதம் போடும் சாப்ட்வேர்கள் என்று அவற்றைச் சொல்லலாம். மேக்ஸிமா, சிம்பை ஆகியவை இலவசம். மேத்தமேட்டிகா, மேப்பிள் ஆகியவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். பிளஸ் டூ அல்லது கல்லூரி முதலாண்டு படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினால், ஆபீஸ் தொகுப்புக்கு அடுத்து இவற்றில் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்வேன்.

சாதாரண கால்குலேட்டருக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம்? 2-இன் வர்க்கமூலத்தைக் கால்குலேட்டரிடம் கேளுங்கள். 1.41421356 என்று ஆரம்பித்து ஸ்கிரீன் நிறைய எண்களைக் கொட்டும். மேக்ஸிமாவிடம் கேளுங்கள். √2 என்று நீங்கள் கேட்டதையே திருப்பித் தரும். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். "இதுக்கா இவ்வளவு நேரம் டவுன்லோட் பண்ணினோம்?" என்று கேட்பார்கள். ஆனால் √2-ஐ √2-ஆல் பெருக்கினால் சரியாக 2 வரும். பள்ளிக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் 1.414-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 1.999396 வரும். விடையைச் சொல்லாமல் விட்டுவைத்த மேக்ஸிமாவிடம் எதுவும் தொலையவில்லை. தசம எண் வேண்டுமானால் ப்ளோட் என்ற கட்டளையைக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். தசமமாக மாற்றியதை மறுபடி √2 ஆக்குவதுதான் முடியாது.

ஒரு கணக்கைப் போடாமல் அப்படியே விட்டுவைப்பதும் ஒரு விடைதான் என்பது என் கருத்து. எப்போது போட வேண்டும், எப்போது விட்டுவைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அதிகாரம் நம்மிடம் இருக்க வேண்டும். இந்த சாப்ட்வேர்களைச் சொல்லித்தரும்போது முதல் பாடமாக இதைத்தான் வைக்க வேண்டும். பல கல்லூரி லேப்களில் நடப்பது வேறு. பத்துக் கட்டளைகளை ரெக்கார்ட் நோட்டில் எழுதி வைத்து, டைப் செய், என்டர் தட்டு, வந்ததை எழுது என்பதோடு முடிந்துவிடுகிறது. விடை வராமல் கேள்வியே திரும்பி வந்தால் மாணவன் திகைத்துப்போகிறான். வரக்கூடாத விடை வந்தால் அது அவனுக்குத் தெரிவதே இல்லை. ஆபத்தானது இந்த இரண்டாவதுதான்.

மேக்ஸிமாவை வைத்தே விளக்குகிறேன். வீட்டில் செலவில்லாமல் நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன். டபிள்யூஎக்ஸ் மேக்ஸிமா என்ற விண்டோவில் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஷிப்ட் கீயுடன் என்டர் தட்ட வேண்டும். வெறும் என்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரிக்குப் போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

இந்த சாப்ட்வேரின் வயது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1968-இல் தொடங்கிய மேக்ஸிமா என்ற திட்டத்தின் வாரிசு இது. மூலத்தை மேக்சைமா என்று சற்று வேறு மாதிரி எழுதுவார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் 1982 முதல் இதன் ஒரு பதிப்பைத் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கி எல்லாருக்கும் இலவசமாக்கினார். 2001-இல் அவர் இறந்துவிட்டார். இன்று நாம் சும்மா டவுன்லோட் செய்வது அவர் காப்பாற்றித் தந்த சொத்து.

ஒய் என்பதை எக்ஸ் பொறுத்து வகையிட வேண்டும். டிஃப் என்ற கட்டளைக்குள் ஒய், எக்ஸ் என்று கொடுங்கள். மேக்ஸிமா யோசிக்காமல் 0 என்று சொல்லும். ஏன்? ஒய்க்கும் எக்ஸுக்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் சொல்லவில்லை. எனவே ஒய் ஒரு மாறிலி என்று அது எடுத்துக்கொண்டது. மாறிலியின் வகைக்கெழு பூஜ்யம். கணக்கு சரி. நீங்கள் கேட்க நினைத்தது மட்டும் அதுவல்ல.

ஒய்-இன் வகைக்கெழு 2 ஒய்க்குச் சமம் என்ற எளிய வகைக்கெழுச் சமன்பாட்டை இப்படிக் கொடுத்தால் என்ன ஆகும்? சமன்பாட்டைத் தீர்க்கும் பகுதிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே இடப்பக்கம் பூஜ்யமாகிவிடும். 0 = 2 ஒய் என்பதுதான் உள்ளே போகும். இனி அதில் தீர்க்க என்ன இருக்கிறது? டிஃப் என்பதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போடுங்கள். இப்போது அது டீஒய் பை டீஎக்ஸ் என்று புத்தகத்தில் இருப்பது போலவே அப்படியே நிற்கும். சமன்பாட்டைத் தீர்க்கும் ஓடிஇ2 என்ற கட்டளைக்கு அதைக் கொடுத்தால், மாறிலியுடன் சேர்ந்த அடுக்குக்குறிச் சார்பாக விடை ஒழுங்காக வந்துவிடும். ஒரே ஒரு குறிதான் வித்தியாசம்.

மேக்ஸிமாவை உருவாக்கியவர்கள் இதற்கு வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். உடனே வேலை செய்யும் நிலையில் இருக்கும் பங்ஷனை வினைச்சொல் என்கிறார்கள். மேற்கோள் குறி போட்டு நிறுத்திவைத்த பங்ஷனைப் பெயர்ச்சொல் என்கிறார்கள். தமிழ் இலக்கணம் படித்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி வகுப்பே வேண்டாம். "சமை" என்றால் அடுப்படிக்குப் போக வேண்டும். "சமையல்" என்றால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். தொகையிடு என்று சொன்னால் மேக்ஸிமா தொகையிட்டுவிடும். தொகையீடு என்று சொன்னால் அந்தக் குறியை வரைந்து காட்டிவிட்டு உங்கள் அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும்.

நிறுத்திவைத்ததை எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம். ஈவி என்ற கட்டளைக்குள் முந்தைய விடையைக் குறிக்கும் சதவீதக் குறியையும், நவுன்ஸ் என்ற சொல்லையும் கொடுத்தால் பெயர்ச்சொற்கள் எல்லாம் வினைச்சொற்களாகி வேலையை முடித்துவிடும். வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன உபாயமும் உண்டு. இடப்பக்கம் மேற்கோள் குறியோடு எக்ஸ் வர்க்கத்தின் தொகையீடு, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் குறி இல்லாமல் அதே கட்டளை. ஒரே வரியில் கேள்வியும் விடையும் அழகாக வந்து நிற்கும். பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

மேற்கோள் குறி இப்படி வேலை செய்வது இன்று நேற்று வந்ததல்ல. மேக்ஸிமா எழுதப்பட்டிருக்கும் லிஸ்ப் என்ற மொழியை ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியான தன் கட்டுரையில் விவரித்தார். கொடுத்ததைக் கணக்கிடாமல் அப்படியே வைத்துக்கொள் என்று சொல்ல "கோட்" என்ற வழி அதிலேயே இருந்தது. மேப்பிளிலும் இதே குறிதான். அதோடு மேப்பிளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இன்னொரு வழியும் உண்டு. இன்ட் என்பதைச் சின்ன எழுத்தில் எழுதினால் தொகையிடும். முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் குறியை மட்டும் காட்டும். சிம்பையில் இன்டெகரேட் என்றால் செய்யும், இன்டெக்ரல் என்றால் நிற்கும், டூஇட் என்றால் நின்றது நடக்கும். மேத்தமேட்டிகாவில் ஹோல்ட் என்று எழுதிவிட்டால் போதும். பெயர்தான் வேறு வேறு.

இனி என் குறைக்கு வருகிறேன். கேள்வியே திரும்பி வந்தால் அதற்குக் காரணம் ஒன்றல்ல. நீங்களே நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கலாம். அல்லது சாப்ட்வேர் முயன்று பார்த்து, முடியாமல் விட்டிருக்கலாம். எக்ஸ்-இன் அடுக்கில் எக்ஸ் என்பதைத் தொகையிடச் சொல்லுங்கள். நமக்குப் பழக்கமான சார்புகளால் அதற்கு விடை எழுத முடியாது என்பது கணித உண்மை. எனவே தொகையீட்டுக் குறியோடு அதையே திருப்பித் தரும். அதுவும் இல்லையென்றால் நீங்கள் கட்டளையின் ஸ்பெல்லிங்கைத் தப்பாக அடித்திருக்கலாம். இன்டெகரேட் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மேக்ஸிமா திட்டாது. அப்படி ஒரு பங்ஷன் நீங்கள் பிறகு எழுதப்போகிறீர்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அடித்ததை அப்படியே திருப்பிக் காட்டும். மேத்தமேட்டிகாவில் முதல் எழுத்தைச் சின்னதாக அடித்தாலே இந்தக் கதிதான்.

நிறுத்தியது, முடியாதது, தெரியாதது. மூன்றுக்கும் ஸ்கிரீனில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே காட்சி. பழகியவர்களுக்குச் சின்ன அடையாளங்கள் தெரியும். மேக்ஸிமாவில் ஸ்பெல்லிங் தப்பானால் கணிதக் குறி வராமல் எழுத்துகளாகவே நிற்கும். ஆனால் நிறுத்தியதற்கும் முடியாததற்கும் அந்த வித்தியாசம்கூட இல்லை. கம்ப்யூட்டரைப் புதிதாகத் தொட்ட ஒருவருக்கு இது எப்படிப் புரியும்? திரும்பி வந்ததன் பக்கத்தில் "முயன்றேன், முடியவில்லை" என்றோ "இப்படி ஒரு பங்ஷன் என்னிடம் இல்லை" என்றோ ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? இந்த விஷயத்தில் சிம்பை பரவாயில்லை. அது பைத்தான் மொழிக்குள் ஓடுவதால், பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று பைத்தானே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. விடை சொல்லலாம், ஆனால் ஒரு தகவல் குறைகிறது. எக்ஸ்-இன் அடுக்கு என் என்பதைத் தொகையிடச் சொன்னால் மூன்று சாப்ட்வேர்களும் மூன்று குணம் காட்டுகின்றன. மேக்ஸிமா உங்களிடமே திருப்பிக் கேட்கும்: என் என்பது -1-க்குச் சமமா? ஆம் என்றால் மடக்கை வரும். இல்லை என்றால் நாம் பள்ளியில் படித்த சூத்திரம் வரும். சிம்பை இரண்டு விடைகளையும் நிபந்தனைகளோடு சேர்த்துத் தரும். மேத்தமேட்டிகா கேள்வி எதுவும் கேட்காமல் பொதுச் சூத்திரத்தைத் தந்துவிடும். என் -1 ஆகும்போது கீழே பூஜ்யம் வருமே என்பது உங்கள் கவலை. பெரிய கணக்குகளில் நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் எரிச்சலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு மேக்ஸிமாவின் அந்த ஒற்றைக் கேள்வி ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் அதே மேக்ஸிமா வேறோர் இடத்தில் சத்தமில்லாமல் தவறு செய்ய விடுகிறது. ஓர் எண் இரட்டைப்படையா என்று பார்க்க ஈவன்பி என்ற கட்டளை இருக்கிறது. ஒற்றைப்படையா என்று பார்க்க ஆட்பி. 4 கொடுத்தால், 7 கொடுத்தால் எல்லாம் சரி. எண்ணுக்குப் பதில் என் என்ற எழுத்தைக் கொடுங்கள். இரட்டைப்படையா? இல்லை. அப்படியானால் ஒற்றைப்படையா? அதுவும் இல்லை! "இன்னும் தெரியாது" என்று நிறுத்திவைக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் இல்லை என்கிறது. கையேட்டில் இதை ஒளிக்காமல்தான் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது ஓர் இரட்டைப்படை எண்ணாகவே இருந்தால் மட்டும் ஆம், மற்ற எதுவானாலும் இல்லை. மேத்தமேட்டிகாவிலும் இதற்கான கட்டளை இப்படியே நடந்துகொள்கிறது.

இதனால் வரும் தொல்லையைப் பாருங்கள். இரட்டைப்படை என்றால் 1, இல்லாவிட்டால் -1 என்று ஒரு பங்ஷன் எழுதுகிறீர்கள். அதற்கு என் என்ற எழுத்தைக் கொடுத்து, வந்ததை ஒரு பெயரில் சேமித்துவைக்கிறீர்கள். எழுத்து இரட்டைப்படை இல்லை என்று அப்போதே முடிவாகி -1 என்று பதிவாகிவிடும். பத்து வரி தள்ளி என்-க்குப் பதில் 4 என்று போட்டாலும் -1தான். சேமித்த இடத்தில் என் என்ற எழுத்தே இல்லையே, எதற்குப் பதிலாக 4-ஐப் போடுவது? எரர் மெசேஜ் வராது. சிவப்பு எழுத்து வராது. கணக்கு ஓடி முடிந்து, நேர்த்தியாக ஒரு தவறான விடை வந்து நிற்கும். முதலில் சொன்ன மரபணுப் பெயர்கள் தேதியான கதையும் இப்படி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நடந்ததுதான்.

சிம்பையில் இந்த இடத்தில் அமைப்பு நன்றாக இருக்கிறது. எக்ஸ் மிகை எண்ணா என்று கேட்டால் ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பதில்களில் ஒன்று வரும். தெரியாது என்பதற்கு நன் என்பார்கள், ஒன்றுமில்லை என்று பொருள். ஆனால் பைத்தானில் "ஆம் என்றால் இதைச் செய், மற்றபடி அதைச் செய்" என்று எழுதினால் தெரியாது என்பதும் அந்த மற்றபடியில் போய் விழுந்துவிடும். சொந்தமாக பங்ஷன் எழுதுபவர்கள் தெரியாது என்ற மூன்றாவது வழியைத் தனியாகத் திறந்துவைக்க வேண்டும். தெரியாவிட்டால் எதையும் தீர்மானிக்காமல் திரும்பிவிடு என்று எழுதினால் போதும். அந்த பங்ஷன் அப்படியே நின்றுகொள்ளும். பிறகு எண் வந்ததும் வேலை செய்யும்.

சொந்தமாக எழுதுவது பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒரு உதாரணம். முதல் 2 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 20 ரூபாய் என்று ஒரு வாடகை வண்டிக் கட்டணத்தை வைத்துக்கொள்வோம். தூரம் 2-க்குள் இருந்தால் இப்படி, தாண்டினால் அப்படி என்று மேப்பிளில் ஒரு பங்ஷன் எழுதிவிட்டு, அதைப் படமாக வரையச் சொல்கிறீர்கள். படம் வராது. எக்ஸ் என்பது 2-ஐவிடப் பெரிதா சிறிதா என்று தீர்மானிக்க முடியவில்லை என்ற பொருளில் ஓர் எரர் வரும். சிம்பையிலும் இதேபோல ஓர் எரர் உண்டு. பங்ஷனில் எந்தத் தப்பும் இல்லை. பிறகு ஏன்?

பிளாட் என்ற கட்டளை எக்ஸுக்கு 0, 1, 2 என்று மதிப்புகளைக் கொடுத்துப் புள்ளிகளை வைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது செய்யத் தயார்தான். ஆனால் அதன் கைக்குப் போவதற்கு முன்பே அடைப்புக்குறிக்குள் இருப்பது கணக்கிடப்படுகிறது. அந்த நேரத்தில் எக்ஸ் வெறும் எழுத்து. கவரைப் பிரித்து, கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர் மாதிரி. மேற்கோள் குறி என்பது கவரின் மேல் போடும் முத்திரை. குறி போட்டுக் கொடுத்தால் பிரிக்காமல் பிளாட்டிடம் போய்ச் சேரும். படம் வரும். அதிலும் ஒரு வேடிக்கை. மேப்பிளில் ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் ஒரு ஜோடிக் குறி உரிந்துபோகும். இரண்டு கை மாறிப் போக வேண்டியிருந்தால் கவருக்குள் கவர் போல இரண்டு ஜோடி போட வேண்டும்.

இன்னொரு வழி, எக்ஸை எழுதாமல் பங்ஷனின் பெயரை மட்டும் கொடுப்பது. ஆனால் நான் சிபாரிசு செய்வது வேறு. பங்ஷனுக்குள் முதல் வரியிலேயே, வந்தது எண் இல்லையென்றால் உன்னையே நிறுத்திய நிலையில் திருப்பிக் கொடு என்று எழுதிவிடுங்கள். மேப்பிளில் பங்ஷனின் பெயரையும் கொடுத்த விவரங்களையும் மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பினால் இது நடக்கும். மேத்தமேட்டிகாவில் நியூமெரிக்கியூ என்ற சோதனையில் தேறியதை மட்டும் ஏற்றுக்கொள் என்று பங்ஷனின் தலைப்பிலேயே சொல்லிவிடலாம். குறி போடுவதை அழைப்பவர் தலையில் கட்டினால் அவர் என்றாவது மறப்பார். எழுதியவர் ஒருமுறை செய்துவிட்டால் அழைக்கும் எல்லாருக்கும் நிம்மதி.

அவசரம் மட்டும்தான் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். தாமதமும் காலை வாரும். மேக்ஸிமாவில் எஃப் என்ற பங்ஷனுக்கு எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு என்று எழுதிவைத்து, எஃப்-க்குள் 3 கொடுத்துப் பாருங்கள். 6 வரும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? எரர் வரும். முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்த்து எழுதும் பங்ஷன்களில், வலப்பக்கம் இருப்பது கூப்பிடும்போதுதான் கணக்கிடப்படும். அப்போது எக்ஸ் எல்லா இடத்திலும் 3 ஆகி, 9-ஐ 3 பொறுத்து வகையிடு என்று ஆகிவிடும். இங்கே நமக்கு வேண்டியது எழுதும்போதே முடித்துவைப்பது. டிஃபைன் என்ற கட்டளையில் எழுதினால் 2 எக்ஸ் என்று அப்போதே கணக்கிட்டுப் பதிவு செய்துகொள்ளும். இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகளை அடுத்தடுத்து முன்னால் போட்டாலும் அதே வேலைதான். ஒரு குறி "நில்" என்றால் இரண்டு குறி "இப்போதே செய்". இதை ஏற்பாடு செய்தவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கருத்தைச் சொன்னால் நண்பர்கள் சிலர் மறுக்கிறார்கள். சாப்ட்வேர் வாங்குவதே விடை வருவதற்குத்தான், இதில் நிறுத்திவைப்பது, அவிழ்ப்பது என்று புதியவர்களை ஏன் குழப்ப வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவைத்தால் 2 + 3 என்பதும் எக்ஸ் + எக்ஸ் என்பதும் அப்படியே நீண்டுகொண்டே போய்ப் பக்கத்தை நிரப்பிவிடும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். அதனால்தான் சுருக்குவது வேறு, கணக்கிடுவது வேறு என்று மேக்ஸிமா பிரித்து வைத்திருக்கிறது. 2 + 3 என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு முன்னால் மேற்கோள் குறி வைத்தாலும் 5 என்றுதான் வரும். குறி கணக்கிடுவதைத் தடுக்கும், சுருக்குவதைத் தடுக்காது. 2 + 3 என்றே நிற்க வேண்டுமானால் சிம்ப் என்ற அமைப்பை ஆஃப் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். எப்போது பார்த்தாலும் ஒரே விடையாக இருப்பதை உடனே சுருக்கு. பின்னால் கிடைக்கும் தகவலால் மாறக்கூடியதை விட்டுவை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் ஒவ்வொரு சாப்ட்வேரும் வேறுபடலாம். ஆனால் போட்ட கோட்டை நமக்குக் காட்ட வேண்டும், நகர்த்தவும் விட வேண்டும்.

சிம்பை பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிம்பை எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் அதற்கு முன்னால் பைத்தான் நிற்கிறது. 1/3 என்று எழுதினால் சிம்பை பார்ப்பதற்குள் பைத்தான் அதை 0.3333 என்று தசமமாக்கிவிடும். கனமூலம் கேட்ட இடத்தில் புள்ளி வைத்த அடுக்கு வந்து நிற்கும். ரேஷனல் என்று சொல்லி 1, 3 என இரண்டாகக் கொடுங்கள். பின்னம் பின்னமாகவே இருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கட்டளைகளை டைப் செய்வதெல்லாம் நமக்குச் சரிவராது என்று நினைப்பவர்கள் ஜியோஜீப்ரா என்ற இலவச சாப்ட்வேரின் கிளாசிக் பதிப்பை டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதில் சி.ஏ.எஸ். என்ற பகுதியைத் திறந்தால் டூல்பாரில் முதல் மூன்று பட்டன்களைப் பாருங்கள். சமக்குறி உள்ளது சரியான விடையைத் தரும். அலை போன்ற சமக்குறி உள்ளது தசமத்தில் தரும். மூன்றாவதாக ஒரு டிக் குறி இருக்கிறது. கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள் என்பதற்கான பட்டன் அது. √8 என்று டைப் செய்து மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.